சிரட்டை மிதக்கும் நேரம்

முருகேஸ்வரி ஊற்றுக்குள் குனிந்து கடைசித் தண்ணீரையும் வழித்தெடுத்துக் குடத்தில் ஊற்றினாள். அடியில் ஈர மணல் மட்டும் மினுங்கியது. கண் இல்லாத பாதித் தேங்காய்ச் சிரட்டை ஒன்றை அந்த மணல்மேல் நிமிர்த்தி வைத்து, அதற்குள் எலுமிச்சம்பழம் அளவுள்ள ஒரு கல்லைப் போட்டாள். பிறகு மேலே ஏறி வந்து, சேலைக்கு மேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள்.

அடுத்த முறைக்காரி கருத்தம்மாள் ஊற்றின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வச்சாச்சா?"

"வச்சாச்சு சின்னம்மா."

"அப்பக் கெளம்பு. நிக்கிறதப் பாத்தா பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியில்ல இருக்கு."

அவள் கிளம்பினாள். மணல் மேட்டிலிருந்து நான்கு எட்டில் தார்ச்சாலை. ஊற்றுக்கு நேரே சாலையோரத்தில் ஒரு இருநூறு மீட்டர் கல் நட்டிருந்தார்கள். இங்கிருந்து அடுத்த கல் வரை ஓடி, அதைத் தொட்டுத் திரும்பி வந்தால் நானூறு மீட்டர். கணக்கில் ஒரு பிழையும் கிடையாது. சாலை போட்டவர்கள் அளந்து நட்ட கல். அந்த நானூறு மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடவேண்டும். ஓடிவிட்டால் அவள் போலீஸ். ஓடாவிட்டால் கருவை விறகைச் சுட்டுக் கரியாக்கும் கரிமூட்டத்தில் கூலி. ஆதரவற்ற விதவைகளுக்கு வயது வரம்பு முப்பத்தைந்து என்று போட்டிருந்தார்கள். வருகிற ஆவணியில் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவளால் விண்ணப்பம்கூடப் போட முடியாது.

ஏர்வாடிக்கு மேற்கே, கடலிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருந்த அந்த ஊரில் கிணறு வெட்டினால் உப்புத் தண்ணீர்தான் வரும். ஆனால் சாலையோர மணல் மேட்டில் மட்டும் நல்ல தண்ணீர் உண்டு. பெய்கிற மழை மணலுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உப்புத் தண்ணீரோடு கலக்காமல் அதன் மேல் ஒரு படலமாக மிதந்து கிடக்கிறது. உப்புத் தண்ணீருக்குக் கனம் அதிகம், நல்ல தண்ணீருக்குக் கனம் குறைவு, அவ்வளவுதான் விஷயம். அதனால் ஊற்றை இடுப்பளவுக்கு மேல் தோண்டக் கூடாது. பேராசைப்பட்டு ஒரு முழம் கூடுதலாகத் தோண்டினால் அடியில் இருக்கிற உப்பு மேலே ஏறி, அந்த வருடம் முழுக்க ஒருவரும் குடிக்க முடியாமல் போய்விடும். பக்கவாட்டு மணலிலிருந்து கசிந்து வருவதைக் காத்திருந்து சிரட்டையால் அள்ளவேண்டும். ஒரு குடம் நிறைய ஏழெட்டு நிமிடம். ஒரு வீட்டுக்கு அரைமணி முறை. விடியலுக்கு முன்பே தள்ளுவண்டிகள் வரிசையில் நிற்கும். அந்த ஊர்ப் பெண்கள் வாழ்நாளில் பாதியை மணல் குழிக்குள் எட்டிப் பார்த்தபடியே கழித்தவர்கள்.

சிரட்டைக் கணக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தது மினிபஸ் கண்டக்டர் தனுஷ்கோடி. முருகேஸ்வரிக்கு அண்ணன் முறை. விண்ணப்பம் வாங்கிவந்து, நிரப்பி, போட்டோ ஒட்டி அனுப்பியதெல்லாம் அவன்தான். எழுத்துத் தேர்வுக்குப் பழைய பத்தாம் வகுப்புப் புத்தகங்களையும் அவனே கொண்டுவந்தான். ஓட்டத்துக்குக் கடிகாரம் வேண்டுமே என்று யோசித்தபோது, தை மாதத்தில் ஒரு காலை, பஸ் திரும்பிப் போவதற்குள் இருந்த கால்மணி நேரத்தில் ஊற்றோரம் வந்து நின்றான். வெறும் சிரட்டையை வைத்துப் பார்த்தார்கள். முக்கால் நிமிடத்தில் மிதந்துவிட்டது. சிறு கல்லைப் போட்டார்கள். ஒன்றரை நிமிடம். கனம் கூடக் கூட, சிரட்டையைத் தூக்கத் தண்ணீர் இன்னும் உயர வேண்டியிருந்தது. உயர்வதற்கு நேரம் பிடித்தது. கல்லை மாற்றி மாற்றி வைத்து, கடைசியில் இந்த எலுமிச்சைக் கல்லைப் போட்டபோது தனுஷ்கோடி கைக்கடிகாரத்தைப் பார்த்துத் துள்ளினான்.

"சரியா ரெண்டர! தங்கச்சி, இந்தக் கல்லத் தொலச்சிறாத. சிரட்ட மெதக்கிறதுக்குள்ள நீ வந்துட்டேன்னா ஒனக்கு வேலைதான்."

வரிசையில் நின்ற பஞ்சம்மாள், "ஓடுறேன் ஆடுறேன்னு தண்ணிய வேஸ்ட்டாக்கப் போறாளா?" என்று சண்டைக்கு வந்தாள். முருகேஸ்வரி குழிக்குள் கை காட்டினாள். ஊறுகிறது ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. சொட்டுச் சொட்டாக அள்ளினாலும், சேரவிட்டு ஒரே தடவையில் அள்ளினாலும் அளவு ஒன்றுதான். அதுவும் அவளுடைய முறைக்குள். பஞ்சம்மாள் குழியையும் அவளையும் பார்த்துவிட்டு, "என்னமோ போ" என்றாள்.

முதல் மாதம் முழுக்க அவளால் ஓட முடியவில்லை. புதிதாக ஓடுகிறவர்களுக்கு நேர்வது எல்லாம் அவளுக்கும் நேர்ந்தது. முதல் ஐம்பது எட்டு காலுக்குள் ஏற்கெனவே இருக்கிற பலத்தில் ஓடிவிடலாம். அதற்கப்புறம் உடம்பு மூச்சைக் கேட்கும். மூச்சு உடனே வந்து சேராது, கொஞ்சம் பிந்தித்தான் வரும். அந்த இடைவெளியில் விலாவில் குத்தும், தொண்டையில் இரும்பு ருசி வரும், நின்றுவிடு என்று உள்ளே ஒரு குரல் நியாயமாகப் பேசும். மற்றவர்கள் அந்தக் குரலோடு சண்டை போடுவார்கள். முருகேஸ்வரிக்குச் சண்டை போட ஒன்றும் இல்லை. நில் என்றால் நின்றாள். நூறு மீட்டர் தாண்டியதும் கால் தானாக நடையாகி, இருநூறு மீட்டர் கல்லில் போய் உட்கார்ந்துவிடுவாள். எதிரே கருவைக்காடு. அதற்கு அப்பால் கரிமூட்டத்தின் புகை. அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வருத்தமும் இருக்காது, வெட்கமும் இருக்காது. மிதந்துவிட்டது என்று கருத்தம்மாள் கத்துவது காதில் விழும். எழுந்து நடந்து வந்து, சேர்ந்திருக்கும் தண்ணீரை அள்ளுவாள்.

ஒரு வருடத்துக்கு மேலாகவே அப்படித்தான் இருந்தது. கரிமூட்டத்துக்கு விறகு ஏற்றிப் போன டிராக்டர் கண்மாய்க் கரையில் சரிந்து, அவள் புருஷன் சின்னச்சாமி அதற்கடியில் போனது போன வருடத்துக்கு முந்தைய கார்த்திகையில். அன்று அவள் அழுதாள். பதினாறு வரை அழுதாள். பதினேழாம் நாள் காலையில் எழுந்து பார்த்தபோது அழுகை இல்லை. அதோடு சேர்த்து மற்றதும் இல்லை. சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. நெருப்புத்துண்டு பட்டுக் கை கொப்புளித்ததை மாமியார் சொல்லித்தான் பார்த்தாள். தைரியமான பொம்பளை என்று ஊரில் சொன்னார்கள்.

ஆதரவற்ற விதவை என்ற சான்றிதழுக்காகக் கிராம அதிகாரியிடம் போன அன்றும் அப்படித்தான். மாமியார் சோலையம்மாளும் கூட வந்திருந்தாள். கரிப்புகையில் கண் மங்கிப்போனவள். அதிகாரி நல்ல மனிதர். கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"இந்தப் பொண்ண நீங்க வச்சுப் பாத்துக்கிறீகளா?"

அன்று காலையில்கூடத் தன் பங்குக் கம்பங்கூழில் பாதியை மருமகள் சட்டிக்கு மாற்றி ஊற்றியிருந்த சோலையம்மாள், அதிகாரியின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "இல்லீங்கய்யா. நாங்க யாரும் பாக்கல. அது பாட்டுக்கு இருக்கு" என்றாள். மனப்பாடம் செய்து வைத்திருந்த வாசகம். அதைச் சொல்லிவிட்டு, மடியில் இருந்த மருமகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி கையைப் பார்த்தார், பார்க்காதது போல எழுதினார். வீடு வரும்வரை கிழவி அந்தக் கையை விடவில்லை. இரவு தட்டில் சோறு போட்டு நகர்த்தி, "சாப்புடு, ஆதரவத்த புள்ள" என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னது. சிரித்திருக்கலாம், அழுதிருக்கலாம். முருகேஸ்வரி பிசைந்து சாப்பிட்டாள்.

ஆக, அவள் தினமும் ஓடப் போனதற்கு ஆசையோ ரோஷமோ காரணம் இல்லை. தண்ணீர் எடுக்கப் போக வேண்டியிருந்தது, போனால் சிரட்டை வைக்க வேண்டியிருந்தது, வைத்துவிட்டால் ஓட வேண்டியிருந்தது. ஒன்றை ஒன்று பிடித்து இழுத்துக்கொண்டு போனது. இது ஒரு விதத்தில் நல்ல ஏற்பாடு. மனம் வந்தால்தான் ஓடுவது என்று வைத்திருப்பவர்கள், மனம் வராத அன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். அவளுக்கு மனம் என்பது வருகிற போகிற பொருளாகவே இல்லாமல் போனதால், காலுக்கு மட்டும்தான் வேலை இருந்தது. கரிமூட்டத்துக்குப் போகும் ஆட்கள் டிராக்டரில் நின்றபடி, "ஏலே, போலீசு வருதுலே, கரிய ஒளிச்சு வைங்க" என்று கத்திவிட்டுப் போவார்கள். முதலில் கருத்தம்மாள் திருப்பித் திட்டினாள். பிறகு அவர்களுக்கே அலுத்துவிட்டது.

மாசிக் கடைசியில் முதல் முறையாக நிற்காமல் ஓடி முடித்தாள். வந்து பார்த்தபோது சிரட்டை ஏற்கெனவே மிதந்து சுற்றிக்கொண்டிருந்தது. பங்குனியில் ஒரு காலை, ஊற்றுக்கு இருபது எட்டு இருக்கும்போது கருத்தம்மாளின் குரல் வந்தது. பிறகு பத்து எட்டு. பிறகு ஐந்து. பங்குனி உத்திரம் கழித்து நான்காம் நாள், அவள் வந்து மணலில் விழுந்து எட்டிப் பார்த்தபோது, சிரட்டை இன்னும் மணலில் உட்கார்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கம் லேசாக எழும்பியது. மறுபக்கம் மணலைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிறகு சட்டென்று விடுபட்டு அரைச் சுற்றுச் சுற்றியது.

"மெதந்துருச்சுடீ! வந்தப்பறம் மெதந்துருச்சு!" என்று கருத்தம்மாள் தொடையைத் தட்டினாள்.

முருகேஸ்வரி மணலில் கிடந்தபடி, "சின்னம்மா, தண்ணி குடு" என்றாள்.

சித்திரையில் அவள் வந்து உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்து, மூச்சும் அடங்கிய பிறகே சிரட்டை மிதக்கும் என்றாகிவிட்டது. தனுஷ்கோடி பஸ் படியில் தொங்கிக்கொண்டே கேட்பான். "எப்புடித் தங்கச்சி?" அவள் தலையை ஆட்டுவாள். எழுத்துத் தேர்வு முடிந்து, ஓட்டத் தேர்வுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. வெள்ளைத்தாளில் அழைப்பு வந்து, மாமியார் அதை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள்.

அன்று காலையில் பஞ்சம்மாள் தன் வண்டியில் கால் நீட்டி உட்கார்ந்து, யாரிடமென்று இல்லாமல் புலம்பிக்கொண்டிருந்தாள். "தையில அரமணிக்கு நாலு கொடம் எடுத்தேன். இன்னைக்கி மூணுக்கு வழியக் காணோம். ஊத்து செத்துக்கிட்டு வருது. வைகாசிக்கு என்னத்தக் குடிக்கிறது?"

முருகேஸ்வரி அப்போதுதான் ஓடி வந்து உட்கார்ந்திருந்தாள். சிரட்டை அடியில் அசையாமல் இருந்தது. மேலும் சிறிது நேரம் இருந்தது. அவள் மூச்சு எப்போதோ சீராகிவிட்டது. வெயில் ஏற ஏற மணலுக்குள் இருக்கிற தண்ணீர்ப் படலம் மெலியும், கசிவு குறையும். அள்ளி அள்ளிச் சுவர் சரிந்து குழியும் அகலமாகிவிடுகிறது, அகலமான குழியில் அதே தண்ணீர் மெதுவாகத்தான் உயரும். இதெல்லாம் அந்த ஊரில் பிறந்த ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஒவ்வொரு கோடையிலும் பார்த்ததுதான். தண்ணீர் குறைவது ஒரு பக்கம் தெரிந்திருந்தது. சிரட்டை பிந்தி மிதப்பது ஒரு பக்கம் தெரிந்திருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

பஞ்சம்மாள் போகட்டும் என்று காத்திருந்து கேட்டாள்.

"சின்னம்மா. ஊத்து எப்பருந்து கொறையிது?"

கருத்தம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு, துப்பிய இடத்தை மணல் தள்ளி மூடினாள். "மாசிலருந்து."

"ஒனக்குத் தெரியுமா?"

"முப்பது வருசமா இந்தக் குழிக்குள்ளதானடீ தலையக் கவுத்துக்கிட்டுக் கெடக்கேன். எனக்குத் தெரியாமயா?"

"பெறகு ஏன் சொல்லல?"

கருத்தம்மாள் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அவளும் முருகேஸ்வரியும் ஒரே ஊரிலிருந்து இங்கே கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். சின்னச்சாமிக்கு இவளைப் பேசி முடித்தது கருத்தம்மாள்தான்.

"தையில நீ எப்புடி ஓடுன? போயி அந்தக் கல்லுமேல உக்காந்துக்கிருவ. நான் இங்கனருந்து பாப்பேன். திரும்பி வருவாளா, இல்ல அப்புடியே ரோட்டோட நடந்து போயிருவாளான்னு இருக்கும் எனக்கு. மொதத் தடவ நீ வந்தப்பறம் மெதந்துச்சே, அன்னைக்கி எங்கிட்டத் தண்ணி கேட்டுக் குடிச்ச. ஞாவகம் இருக்கா? அவன் போனதுக்கப்பறம் நீயா வாயத் தொறந்து எனக்கு இது வேணும்னு கேட்டது அதுதான். அதப் போயி நான் சொல்லுவனா? கல்ல மாத்துன்னு?"

முருகேஸ்வரி கோபத்தைத் தேடிப் பார்த்தாள். அங்கே இருக்க வேண்டிய இடத்தில் கை வைத்துப் பார்ப்பது போல. இல்லை. சிரட்டை மிதந்து சுற்றியது. தண்ணீரை அள்ளிக் குடத்தில் ஊற்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் தகரப்பெட்டி இருந்தது. அதற்குள் சின்னச்சாமியின் கைக்குட்டையில் சுற்றி அவனுடைய கடிகாரம் இருந்தது. பழைய எச்.எம்.டி. கரி வேலைக்குப் போகும்போது தூசி போகும் என்று கழற்றி வைத்துவிட்டுப் போவான். காலையில் பல் விளக்கிய கையோடு சாவி கொடுப்பான். அன்றும் கொடுத்துவிட்டுத்தான் போனான். சாவி கொடுக்கிற கடிகாரத்துக்குள் ஒரு நாடா போன்ற வில் சுருண்டு இறுகும். அது தன் பாட்டுக்கு அவிழ்கிற வேகத்தில் முள் நகரும். ஒரு தரம் முழுக்க முறுக்கினால் ஒன்றரை நாள் ஓடும். அப்படியென்றால் பதினோரு மணிக்கு அவன் உயிர் போன பிறகும், வீடு நிறைய ஆட்கள் அழுதபோதும், மறுநாள் சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பியபோதும், பெட்டிமேல் இது அவன் முறுக்கிவிட்ட முறுக்கில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பதினேழாம் நாள் எடுத்துப் பார்த்தபோது நாலு இருபதில் நின்றிருந்தது. கடிகாரம் கெட்டுப்போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். தனுஷ்கோடி கடிகாரம் வேண்டுமே என்று யோசித்தபோது இதை அவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அன்று யோசிக்கவும் இல்லை.

பெட்டி முன்னால் உட்கார்ந்து சாவியை விரல் இடுக்கில் பிடித்தாள். முதல் திருகலில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதில் மெலிந்த நொடி முள் துடித்தது. மூன்றாவதில் கிளம்பிவிட்டது. அவள் நிறுத்தாமல் திருகினாள். இருபது, இருபத்தொன்று. அதற்கு மேல் வில் இடம் கொடுக்கவில்லை.

அடுப்படியிலிருந்து சோலையம்மாள், "என்ன சத்தம் அது?" என்றாள். கண் போனவளுக்குக் காது கூர்மை.

"கடிகாரம் அயித்த."

கிழவி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள். பிறகு, "மணி வச்சியா? எட்டு மணி வண்டி இப்பத்தான் ஹாரன் அடிச்சுட்டுப் போறான்" என்றாள்.

மறுநாள் ஊற்றில் கருத்தம்மாளுக்குக் கடிகாரத்தைச் சொல்லிக்கொடுத்தாள். மெலிந்த முள் உச்சிக்கு வரும்போது போ என்று சொல்ல வேண்டும். அது இரண்டு சுற்றுச் சுற்றி, மூன்றாவது சுற்றில் அடியில் இருக்கும் ஆறுக்கு வரும்போது கத்த வேண்டும். கருத்தம்மாளுக்கு எண் தெரியாது. ஆனால் உச்சியும் அடியும் தெரிந்தால் போதும். கடிகாரத்தை இரண்டு கையாலும் குஞ்சைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டாள்.

"போடீ!"

இரண்டரையில் கருத்தம்மாள் கத்தியபோது முருகேஸ்வரி சாலையில் ஒரு பனைமரத்தடிக்கு நேரே இருந்தாள். இடுப்பில் செருகியிருந்த பனங்கொட்டையை அந்த இடத்தில் போட்டுவிட்டு மிச்சத்தை ஓடி முடித்தாள்.

"முள்ளு எங்கன வந்துருச்சு சின்னம்மா?"

"மூணு சுத்தும் முடிய இந்தா, விரக்கட அளவுதான் இருக்கு."

இரண்டு நிமிடம் ஐம்பத்தைந்து நொடி. இரண்டரைக்கு இன்னும் இருபத்தைந்து நொடி கூடுதல். பனங்கொட்டைக்கும் ஊற்றுக்கும் நடந்து அளந்தாள். எழுபத்தெட்டு எட்டு. பத்தொன்பது நாள். ஒரு நாளைக்கு நான்கு எட்டு, கொஞ்சம் மேலே. கணக்கு இவ்வளவுதான். பனங்கொட்டையைத் தினமும் நான்கு எட்டு ஊற்றுப் பக்கமாக நகர்த்த வேண்டும். இத்தனை நாள் அவள் ஓடியது ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. தையில் பாதியில் உட்கார்ந்தவள் இன்று ஓடி முடிக்கிறாள். பொய் சொன்னது சிரட்டை மட்டும்தான், கால் இல்லை.

முதல் வாரம் கொட்டை நன்றாக நகர்ந்தது. ஆரம்பத்தில் பாய்ந்து ஓடி மூச்சைத் தீர்த்துவிடுவதால்தான் கடைசியில் கால் கட்டுகிறது என்று அவளே கண்டுபிடித்தாள். கிளம்பும்போது வேகத்தை அடக்கிப் பிடித்து ஓடினால், திரும்பும்போது கொஞ்சம் மிச்சம் இருந்தது. கல்லைத் தொட்டு நின்று திரும்பி மறுபடி வேகம் பிடிப்பதிலேயே மூன்று நான்கு நொடி போகிறது என்பதும் தெரிந்தது. இரண்டாவது வாரம் கொட்டை நகரவில்லை. மூன்று நாள் ஒரே இடம். நான்காம் நாள் பின்னால் போயிற்று. ஐந்தாம் நாள் கல்லுக்குப் போகும் வழியில் பழைய குரல் நியாயமாகப் பேசியது. அவள் நின்றாள். கல்லில் உட்கார்ந்தாள். கரிமூட்டத்துப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. கருத்தம்மாள் கத்தவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவள் சாலை நடுவில் வந்து நின்று, கடிகாரத்தை உயர்த்திப் பிடித்திருந்தாள். அவ்வளவு தூரத்தில் முள் தெரியாது. கடிகாரம் ஓடுவது மட்டும் தெரியும், அதுவும் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டால்தான். நேற்று இரவு முருகேஸ்வரி தன் கையால் கொடுத்த முறுக்கு. அவள் எழுந்து மிச்சத்தை ஓடினாள். அன்றைக்குக் கொட்டை போடவில்லை.

கடைசி நாள் கொட்டை ஊற்றுக்குப் பன்னிரண்டு எட்டில் கிடந்தது. கருத்தம்மாள் அதைக் காலால் எத்தி ஊற்றோரம் தள்ளினாள். "இந்தா, வந்துருச்சு" என்றாள். இருவருமே சிரிக்கவில்லை.

புறப்படும் காலையில் சோலையம்மாள் வாசல்வரைதான் வந்தாள். "அங்கன நான் வந்தா ஆதரவா ஆயிரும்டீ. பேப்பர்ல இல்லன்னு எழுதிருக்கு" என்றாள். முருகேஸ்வரி கடிகாரத்துக்கு முழுக்க முறுக்குக் கொடுத்து மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள். கிழவி அதைக் காதோரம் கொண்டுபோய்க் கேட்டுவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள். மினிபஸ்ஸில் தனுஷ்கோடி டிக்கெட் கிழிக்கவில்லை. கூட்டத்துக்குள் நின்று ஒரு வார்த்தை மட்டும் சொன்னான்: "சிரட்டையப் பத்தி நானும் யோசிக்கலயே தங்கச்சி."

ராமநாதபுரத்து மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். நீள்வட்டம். ஒரு சுற்று நானூறு. எட்டெட்டுப் பேராக விட்டார்கள். அவளோடு நின்றவர்கள் எல்லாம் அவளைவிடப் பத்து வயது சிறியவர்கள். சுடிதார், கேன்வாஸ் ஷூ. பக்கத்தில் நின்ற பெண், "அக்கா, வெறுங்காலா?" என்றாள். "பழகிருச்சு" என்றாள் முருகேஸ்வரி. நெஞ்சில் எண் குத்தியிருந்தார்கள். எங்கும் ஒரு சிரட்டையோ கல்லோ இல்லை. தூரத்தில் ஒருவர் கையில் மட்டும் கடிகாரம் இருந்தது.

விசில் ஊதியது. மற்றவர்கள் பாய்ந்தார்கள். அவள் பிடித்து ஓடினாள். முதல் வளைவில் ஏழு முதுகுகள் முன்னால் போயின. நேர்கோட்டில் இரண்டு முதுகுகள் பின்தங்கின. மூச்சு வந்து சேர்ந்தது. பாதித் தூரத்தில் ஒரு சிவப்புக் கொடி நட்டிருந்தது. அதை நெருங்கும்போது, அவள் கேட்காமலே, இடது கால் தரையில் ஊன்றித் திரும்பப் பார்த்தது. நான்கு மாதமாக இருநூறில் திரும்பிய கால். உடம்பு பாதி சரிந்தது. ஒரு கை தரையைத் தொடப் போய், கல் இல்லாமல் காற்றைத் துழாவியது.

திரும்ப வேண்டாம். போகிற வழியிலேயே போய்க்கொண்டிருக்கலாம். அவள் நிமிர்ந்தாள். முன்னால் வெள்ளைக்கோடு வளைந்து போயிற்று. அந்தப் பக்கத்தை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. வேப்பமரங்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி, வேலிக்கு வெளியே யாரையோ கூட்டிவந்து காத்திருக்கும் ஆட்கள். விலாவில் குத்தியது. குத்துவது தன்னைத்தான் என்று தெளிவாகத் தெரிந்தது. அது வலித்தது. முன்னால் ஐந்து முதுகுகள் போய்க்கொண்டிருந்தன. முள் எத்தனை சுற்று முடித்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று சொல்ல யாருமில்லை. அவள் ஓடினாள். கண்ணுக்குள் குழியின் அடியில் சிரட்டை உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் எழும்பியிருந்தது. மறுபக்கம் இன்னும் மணலில் இருந்தது.